மஞ்சப்பையில் வந்த பத்திரம்

ஐயா, அம்மா, போன வாரம் நீங்கள் வந்தபோது மஞ்சப்பையில் நிலப் பத்திரம் இருந்தது. அதை அடகு வைத்து மகளை மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கச் சொல்லி சித்தப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார் என்றீர்கள். "பதறாதீங்க, பார்த்துக்கலாம்" என்று நானும் சமாதானம்தான் சொன்னேன்.

அப்புறம் உங்கள் மகள் வாயைத் திறந்தாள். பக்கவாதம் வந்த தாத்தாவுக்கு ஒரு வருஷமாக அவள்தான் கைப்பயிற்சி கொடுக்கிறாளாம். "விரலை மடக்கச் சொன்னா மடங்கல சார். ஆனா முன்கையில சதை லேசா துள்ளுது. அது ஏன்?"

இதற்கு மேல் சமாதானம் பேச எனக்கு மனசில்லை. இந்தத் துள்ளலை நம்பியே ஒரு துறை இருக்கிறது: முடங்கிய கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ரோபோக்களைச் செய்யும் துறை.

மூளையின் கட்டளை அரைகுறையாகத் தசைக்குப் போனாலும் அங்கே மின்துடிப்பு எழும். ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. தோல்மேல் ஒட்டும் எலெக்ட்ரோடு, அதாவது மின்துடிப்பை உணரும் சின்ன வில்லை, அதைப் பிடிக்கும். பெருக்கி, கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வடிகட்டி, கையில் மாட்டிய ரோபோவின் மோட்டாருக்குக் கொடுத்தால், தாத்தா மடக்க நினைக்கும்போது விரல் மடங்கும். அவர் முயன்றால்தான் அது உதவும். சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கும். ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷியுகி சங்காய் உருவாக்கிய 'ஹால்' கருவி இதே முறையில் கால்களுக்கு நடைப்பயிற்சி தருகிறது.

ஆனால் இது சுலபமில்லை. வியர்த்தால் சிக்னல் மாறும். எலெக்ட்ரோடு விரற்கடை நகர்ந்தால் பக்கத்துத் தசையின் சிக்னல் வந்து கலக்கும். பக்கவாதக் கையில் மடக்கும் தசையும் விரிக்கும் தசையும் சேர்ந்தே இறுகுவதுண்டு. எது முயற்சி, எது வெறும் இறுக்கம் என்று பிரிக்கக் கோடிங் மட்டும் போதாது. அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தவள் வேண்டும். உங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.

கலந்தாய்வில், மருத்துவக் கருவிகளைப் பற்றிய பயோமெடிக்கல் இன்ஜினியரிங் எடுங்கள், கிடைக்காவிட்டால் எலெக்ட்ரானிக்ஸ் படிப்பான இ.சி.இ.யும் சரி. பிறகு எம்.டெக். சேர்வதற்கான கேட் தேர்வு எழுதி, சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். அதில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நின்று கற்க வேண்டும். 'புளூட்டோ' என்ற கைப்பயிற்சி ரோபோ ஐஐடியும் சிஎம்சியும் சேர்ந்து செய்ததுதான்.

ஒளிக்காமல் சொல்கிறேன்: பி.இ.யோடு நின்றால் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கும், விற்கும் வேலைதான். சம்பளத்தில் ஐ.டி.க்காரர்களோடு போட்டி போட முடியாது. எம்.டெக்.கையும் சேர்த்து ஆறு வருஷத்துக்குக் குறையாது என்றே கணக்குப் போடுங்கள்.

ஆனால் கடன் வேண்டாம். இதில் நான் இறங்கி வரமாட்டேன். உங்கள் வீட்டில் பட்டதாரி யாருமில்லை. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வில் சேர்ந்தால் உண்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவில் கிடையாது. சான்றிதழுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்.

சித்தப்பா கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள். பத்திரம் பீரோவுக்குப் போகட்டும்.