ஷார்ட் ஃபிலிம் எடுத்து போட்டா மூஞ்சில அடிச்ச மாதிரி கமெண்ட் வருது, எப்படி எடுத்துக்கறது?

கேள்வி கேட்டவர் படம் 14 நிமிஷமாம். வந்த கமெண்ட்ல மூணை அவரே போட்டிருக்காரு: "மொக்கை", "பாதில மூடிட்டேன்", "டயலாக் ஒண்ணும் புரியல, அந்த மியூசிக்கை நிறுத்துங்கடா". மூணு பேருக்கும் பதில் சொல்லியே ஆகணும்னு துடிக்கிறாரு.

நான் ஷார்ட் ஃபிலிம்களுக்கு எடிட்டிங், சவுண்டு ரெண்டும் பண்றவன், அதனால இந்த மாதிரி திட்டுல பாதி நமக்குத்தான் வந்து விழும். மொதல்ல அந்த "மொக்கை"யை விடுங்க, அதுல எடுத்துக்க ஒண்ணும் இல்ல, டெலீட்டும் பண்ணாதீங்க, பண்ணா ஸ்க்ரீன்ஷாட்டோட திரும்பி வருவாங்க. ஆனா நடிச்ச பொண்ணோட கலரு, உடம்புன்னு எவனாவது பேசினா யோசிக்கவே வேணாம், தூக்கிடுங்க. அது விமர்சனமே கிடையாது, அந்தப் பொண்ணும் அதைப் படிக்கும்ல.

மத்த ரெண்டும் நெஜமாவே நல்ல கமெண்டுங்க, பேசற விதம்தான் முரடு. வலிக்குதுன்னு வர்ற பேஷண்ட்டுக்கு இடம் கரெக்டா தெரியும், மருந்துதான் தெரியாது. மியூசிக்கை நிறுத்துன்னு அவரு சொல்றது மருந்து, அதை அப்படியே கேக்க வேணாம். டயலாக் புரியலன்றது இடம், அங்க கண்டிப்பா போய்ப் பாருங்க. உங்களுக்கு ஏன் அது தெரியலன்னா, ஸ்க்ரிப்ட் உங்களுக்கு மனப்பாடம், காதுல விழாத வார்த்தையையும் மூளை நிரப்பிக்கும். குரலும் மியூசிக்கும் சேர்த்த அந்த மிக்ஸை நீங்க ஹெட்ஃபோன்ல கேட்டிருப்பீங்க, பாக்கறவன் ஃபோன் ஸ்பீக்கர்ல பாக்கறான், அதுல பேஸ், அதாவது கனமான அடி சத்தம், கிட்டத்தட்ட காணாம போயிடும், மிச்சம் இருக்கற நடு ஃப்ரீக்வென்சிலதான் குரலும் வயலினும் ஒண்ணா முட்டிக்கிட்டு நிக்கும். பேச்சுல வார்த்தை தெளிவா கேக்கறதுக்கு முக்கியமான இடம் 1-லேர்ந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், மியூசிக் ட்ராக்ல அந்த ஏரியாவை மட்டும் ஈக்யூல (ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியையும் தனியா ஏத்தி இறக்கற கருவி) 3, 4 டெசிபல் இறக்கினாலே பாதி பிரச்சனை போயிடும். செக் பண்ண சுலபமான வழி, ஸ்க்ரிப்ட் படிக்காத ஒருத்தர்கிட்ட ஃபோனை கவுத்து வெச்சு பாதி வால்யூம்ல ஓட்டி, கேட்ட டயலாக்கை திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. முழிச்சாருன்னா கமெண்ட் போட்டவன் சொன்னது சரி.

"பாதில மூடிட்டேன்"க்கு யூடியூப் ஸ்டுடியோல ரிடென்ஷன் க்ராஃபைப் பாருங்க, எந்த இடம் வரைக்கும் எத்தனை பேர் பாத்தாங்கன்னு காட்டற கோடு அது. ஆரம்பத்துல கோடு சரியறது எல்லார் படத்துக்கும் நடக்கும், பதற வேணாம். நடுவுல எங்கயாவது சடார்னு விழுதான்னு பாருங்க, விழுந்தா தப்பு அந்த சீன்லயே இருக்கணும்னு இல்ல, பல சமயம் அந்த கேரக்டருக்கு என்னதான் வேணும்னு முன்னாடியே சொல்லாம விட்டிருப்போம். அப்புறம் ஆரம்பத்துல பேர் பேரா மெதுவா வர்ற அந்த டைட்டில் கார்டு... உங்க டீமைத் தவிர யாரும் அதைப் படிக்கறதில்ல, கடைசிக்கு தள்ளுங்க.

பதில்ல விளக்கம் எழுதாதீங்க. பட்ஜெட் இல்ல, ஒரே நாள்ல முடிச்சோம், மைக் மக்கர் பண்ணிடுச்சு, எல்லாம் உண்மையாவே இருக்கலாம், ஆனா ஒவ்வொருத்தன் பக்கத்துலயும் உக்காந்து நீங்க இதைச் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது. "எந்த இடம்னு டைம் சொன்னீங்கன்னா பாக்கறேன்"னு ஒரு வரி போதும். அக்கறை உள்ளவன் சொல்லுவான், வம்புக்கு வந்தவன் காணாம போயிடுவான். முட்டுக்கொடுக்க ஃப்ரெண்ட்ஸை மட்டும் இறக்காதீங்க, அசிங்கமா இருக்கும்.

க்ளைமாக்ஸ்ல ஒரு ஃபைட் வெச்சிருக்கலாம்னு வர்ற ரகத்துக்கு நன்றி சொல்லிட்டு நகருங்க, அவரு பாக்க ஆசைப்பட்டது வேற படம். நீங்க சொல்ல வந்தது நல்லா புரிஞ்சும் "ஒட்டல"ன்னு சொல்றாரு பாருங்க, அவரு சொல்றதைத்தான் விடவே கூடாது, அதுதான் ரொம்ப வலிக்கும்.

யூடியூப்ல அதே லிங்க்ல வேற ஃபைலை மாத்த முடியாது, மிக்ஸை சரி பண்ணா புதுசா அப்லோடு பண்ணணும், வியூஸும் கமெண்டும் பழசோட போயிடும். அதனால அடுத்த படத்தை மொதல்ல அன்லிஸ்டட்ல (லிங்க் இருக்கறவங்க மட்டும் பாக்கற மாதிரி) போட்டு, உங்களைத் தெரியாத நாலு பேருக்கு அனுப்பி அங்கயே திட்டு வாங்கிக்கோங்க. இந்தப் படத்துக்கு இப்போதைக்கு, முன்னாடி இருக்கற டைட்டிலை ஸ்டுடியோலயே ட்ரிம் பண்ணுங்க, தமிழ்ல சப்டைட்டில் ஏத்துங்க, ரெண்டுக்கும் ரீ-அப்லோடு தேவையில்ல. ஏத்திட்டு அந்த "டயலாக் புரியல" ஆளுக்கு மட்டும் "சப்டைட்டில் போட்டாச்சு, இப்ப பாருங்க"ன்னு எழுதுங்க.