நாலு கோர்ஸ், ஒரே வார்டு: கேள்வி பதில்

மருத்துவம், நர்சிங், ஃபார்ம் டி (மருந்தியல் பட்டம்), பிசியோ மாணவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரு நர்சிங் ஆசிரியையாக என் பதில்கள்.

நர்சிங் டியூட்டர்: மேடம், எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஒரு நோயாளியிலிருந்து. பக்கவாதம் வந்தவர் என்றால் நல்லது. வலது கை கால் விழுந்திருக்கிறது, சர்க்கரை வேறு, மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. இவரை வீட்டுக்கு அனுப்பத் திட்டம் போடுங்கள் என்று நாலு பேரிடம் கொடுங்கள். மருத்துவ மாணவர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எஸ்.ஆர். மாத்திரை எழுதுவார். பொடித்துக் குழாயில் விடலாம் என்பார் நர்சிங் மாணவி. ஃபார்ம் டி மாணவர் அங்கே குறுக்கிட வேண்டும்: மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் மருந்து மொத்தமும் ஒரேயடியாக இறங்கும், குழாயும் அடைக்கும். பிசியோ மாணவிக்கு வேறு கவலை. தூக்கி உட்கார வைக்கும்போது வீட்டார் விழுந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவும். சரி, குழாயை எடுக்கலாமா, விழுங்க முடிகிறதா என்று யார் சோதிப்பது? இப்போது நாலு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். முக்கியமாக, எம்.பி.பி.எஸ். மாணவர் கையில் மார்க்கர் பேனாவைக் கொடுக்காதீர்கள். பேனா வைத்திருப்பவர்தான் தலைவர் என்று ஆகிவிடும்.

கல்லூரி முதல்வர்: பெரிய ஆடிட்டோரியம் இருக்கிறது. எல்லாரையும் உட்கார வைத்து உடலியல் வகுப்பு எடுத்தால் போதுமா?

போதாது. ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், சேர்ந்து கற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2010 ஆவணம். ஆடிட்டோரியத்தில் கடைசி ஒன்று மட்டும்தான் நடக்கும். அதுவும் நர்சிங் பிள்ளைகள் ஒரு பக்கம், எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் மறுபக்கம்.

அறுவை சிகிச்சைப் பேராசிரியர்: பேனா விஷயத்தை ஏற்க மாட்டேன். குழுவுக்குத் தலைவர் மருத்துவர்தான். கேஸ் வந்தால் கோர்ட்டில் நிற்பவர் யார்?

நர்ஸும் நிற்பார் சார். சிகிச்சையை முடிவு செய்வது உங்கள் வேலை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உங்கள் தியேட்டரையே பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலைப் பல இடங்களில் வாசித்து நடத்துவது சர்க்குலேட்டிங் நர்ஸ்தான், அதாவது அறுவையில் கை வைக்காமல் தியேட்டரைக் கவனிக்கும் நர்ஸ். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தார்கள். 2009-இல் வந்த முடிவின்படி இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. பட்டியலை வாசிக்கும் அந்தச் சில நிமிடம் கத்தியை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அந்த நர்ஸிடம்தான், உங்களிடம் இல்லை.

அவரே: பட்டியல் வாசிப்பது வேறு, தலைமை வேறு. நர்ஸ் எனக்குப் பரிந்துரை சொல்வாரா?

சொல்ல வேண்டும். ராத்திரி போன் செய்து “பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கார் சார்” என்றால் உங்களுக்கே கோபம் வரும். எஸ்பார் (SBAR) என்ற தகவல் சொல்லும் முறையில் நிலைமை, பின்னணி, கணிப்பு, பரிந்துரை என நான்கு படி. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது. “பிபி 80/50, ரெண்டு மணி நேரமா யூரின் இல்லை, உள்ளே ரத்தம் கசியுதோன்னு தோணுது, நீங்க உடனே வரணும்.” அந்தக் கடைசி இரண்டு சொல்தான் பரிந்துரை. இதைச் சொல்லத் தயங்குகிற நர்ஸால்தான் உங்களுக்கு ஆபத்து. கல்லூரியிலேயே, போனின் மறுமுனையில் எம்.பி.பி.எஸ். மாணவரை வைத்துப் பழக்குங்கள். அவருக்கும் கேட்கப் பழக்கம் வேண்டுமே.

ஃபார்ம் டி மாணவர்: ரவுண்ட்ஸில் டோஸ் தவறு என்றேன். திட்டு விழுந்தது.

நோயாளி முன்னால் “தவறு” என்றால் விழத்தான் செய்யும். “க்ரியேட்டினின் 2.4 இருக்கு சார், கிட்னிக்காக டோஸ் குறைக்கணுமா?” என்று கேளுங்கள். உடனடி ஆபத்து என்றால் மரியாதை எல்லாம் அப்புறம், அங்கேயே நிறுத்துங்கள்.

டியூட்டர்: எல்லாருக்கும் சேர்த்து ஆன்லைன் வகுப்பு எடுக்கலாமா?

ஆடிட்டோரியம் பதிலைப் படியுங்கள். ஜூமுக்கும் அதேதான்.

பிசியோ (பிபிடி) மாணவி: பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாமா மேடம்?

2021 சட்டப்படி பிசியோவையும் சேர்த்துத் துணை மருத்துவத் துறைகளுக்கென்று தேசிய ஆணையம் இருக்கிறது. அங்கே கேளுங்கள். இங்கே ஆரம்பித்தால் இன்று முடியாது.

இன்னொருவர்: பவர்பாயிண்ட் ஸ்லைடு கிடைக்குமா?

ஸ்லைடே கிடையாது. நோயாளிதான் ஸ்லைடு.

பேராசிரியர்: சரி, செய்து பார்க்கிறேன். மார்க் எப்படிப் போடுவது?

குழுவுக்கு ஒரே டிஸ்சார்ஜ் திட்டம், நாலு பேருக்கும் ஒரே மார்க். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மட்டும் தன் பகுதியை யாரும் சொல்லக் கூடாது. தோள்மூட்டைப் பற்றி மருத்துவ மாணவர் சொல்லட்டும், மாத்திரையைப் பற்றிப் பிசியோ மாணவி. திணறினால் குழுவுக்கே மார்க் குறையும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பேனா உங்கள் மாணவரிடம் வேண்டாம் சார்.