கோர்ஸுக்கு முன் கிளினிக்கைத் தேர்ந்தெடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டனில் டென்டல் நர்ஸ், அதாவது பல் மருத்துவரின் பக்கத்தில் நின்று உதவுபவர், ஆக விரும்பும் வாசகர்களின் கடிதங்களுக்கு, லண்டனில் அந்தப் பணியில் இருப்பவரும் புதிய பயிற்சியாளர்களுக்கு வழிகாட்டி வருபவருமான நம் வாசகி பதில் எழுதுகிறார்.

அக்கா, எனக்கு 34 வயது. யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். இப்போது இரண்டு பிள்ளைகளோடு ஹாரோவில் இருக்கிறேன். டென்டல் நர்ஸ் ஆவதற்குக் கல்லூரி, அப்ரென்டிஸ்ஷிப், வீட்டிலிருந்தே ஆன்லைன் படிப்பு என்று ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். எதில் சேரட்டும்?
– வாசகி, ஹாரோ

அன்புத் தங்கைக்கு, எந்த வழியில் போனாலும் நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம், பல் மருத்துவத் துறையை ஒழுங்குபடுத்தும் ஜெனரல் டென்டல் கவுன்சிலின் பதிவேடு. சுருக்கமாக ஜிடிசி என்பார்கள். 2008 ஜூலைக்குப் பிறகு அந்தப் பதிவு இல்லாத யாரும் இந்த நாட்டில் டென்டல் நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள முடியாது. எனவே எந்தப் படிப்பின் விளம்பரத்தைப் பார்த்தாலும் முதலில் ஜிடிசியின் இணையதளத்துக்குப் போய், அவர்கள் ஏற்றுக்கொண்ட படிப்புகளின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த விளம்பரத்தை அப்படியே மூடிவிடுங்கள். 'லெவல் 3', 'டிப்ளமா', 'சான்றிதழ்' என்ற சொற்களையெல்லாம் போட்டு, சில மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று மலிவு விலையில் விற்கப்படும் ஆன்லைன் படிப்புகள் ஏராளம். அவற்றைப் படித்து நான்கு விஷயம் தெரிந்துகொள்ளலாமே தவிர, பதிவு வாங்க முடியாது. இதில் காசை இழந்துவிட்டு வரும் நம் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பட்டியலில் இருப்பவற்றை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது, என்இபிடிஎன் எனப்படும் தேர்வு வாரியத்தின் டிப்ளமா. ஒரு கிளினிக்கில் பயிற்சியாளராக வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பிலோ ஆன்லைனிலோ படித்து, எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுத வேண்டும். இரண்டாவது அப்ரென்டிஸ்ஷிப். இதிலும் வேலை உண்டு, ஆனால் படிப்புச் செலவை அரசும் முதலாளியும் ஏற்கிறார்கள். சம்பளம் பெறும் வேலை நேரத்திலேயே படிக்கவும் நேரம் தர வேண்டும். மூன்றாவது, சில பல்கலைக்கழகங்களில் உள்ள முழுநேரப் படிப்பு. கிளினிக் பயிற்சியை அவர்களே ஏற்பாடு செய்வார்கள், ஆனால் சம்பளம் கிடையாது. பிள்ளைகளோடு இருக்கும் உங்களுக்கு இந்த மூன்றாவதை நான் சொல்ல மாட்டேன்.

மிச்சம் இரண்டில், 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டதும் அப்ரென்டிஸ்ஷிப்புக்குப் பாய்ந்துவிடாதீர்கள். வயது எதுவானாலும் முதல் ஆண்டு அப்ரென்டிஸுக்குக் குறைந்த ஊதியம் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. 2025 ஏப்ரலில் வந்த கணக்குப்படி அது மணிக்கு 7.55 பவுண்டாக இருந்தது. சாதாரண ஒப்பந்தத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்து டிப்ளமா படித்தால், 21 வயது நிறைந்தவருக்கு அதே கணக்குப்படி மணிக்கு 12.21 பவுண்டுக்குக் குறைந்து கொடுக்க முடியாது என்று இருந்தது. வாரம் 30 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கில் வித்தியாசம் வாரத்துக்கு ஏறக்குறைய 140 பவுண்டு. சில மாதங்களிலேயே டிப்ளமாக் கட்டணத்தை அது ஈடுகட்டிவிடும். சில கிளினிக்குகள் அப்ரென்டிஸ்களுக்கும் முழு ஊதியம் தருகின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். இங்கிலாந்தில் அரசுப் பணத்தில் அப்ரென்டிஸ் ஆகப் பொதுவாக மூன்று ஆண்டுகள் இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பாடத்தைப் புத்தகத்தில் படித்துவிடலாம். தொழிலை நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும். உறிஞ்சு குழாயை நாக்குக்கும் பல்லுக்கும் நடுவில் எந்தக் கோணத்தில் பிடித்தால் நோயாளிக்குக் குமட்டாது, மருத்துவர் கை நீட்டும் முன்பே எந்தக் கருவியை எடுத்து வைக்க வேண்டும், நோயாளியின் விரல்கள் நாற்காலியின் கையை இறுக்குவதைப் பார்த்ததும் எப்படி மருத்துவருக்குச் சைகை காட்ட வேண்டும் என்பதையெல்லாம் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத கிளினிக்கில் நாட்டிலேயே சிறந்த கோர்ஸைப் படித்தாலும் பயனில்லை. அதனால்தான் நான் யார் கேட்டாலும், கோர்ஸுக்கு முன் கிளினிக்கைத் தேடுங்கள் என்கிறேன்.

நேர்காணலுக்குப் போகும்போது நீங்களும் கேள்வி கேளுங்கள். எனக்கு வழிகாட்டப்போகிறவர் யார், அவர் ஜிடிசியில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். உங்கள் பயிற்சிக் குறிப்பேட்டில் அவர்தான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வாரத்தில் எத்தனை நாள் நாற்காலி பக்கம், எத்தனை நாள் ரிசப்ஷன் என்று கேளுங்கள். பல் பிடுங்குவது, வேர் சிகிச்சை, செயற்கைப் பல்செட், குழந்தைகளுக்கான சிகிச்சை எல்லாம் அங்கே நடக்கிறதா என்பது மிக முக்கியம். பல் வெண்மையாக்கலும் கிளிப் போடுவதும் மட்டுமே நடக்கும் பளபளப்பான கிளினிக்கில் சேர்ந்தால், குறிப்பேட்டின் பாதிப் பக்கங்களை நிரப்ப வழியில்லாமல் நிற்பீர்கள். நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், என்எச்எஸ் எனப்படும் அரசு சுகாதாரச் சேவையின் நோயாளிகள் நிறைய வரும் பழைய கிளினிக்கைத்தான் தேர்ந்தெடுப்பேன். வேலை கடுமை, ஆனால் ஒரே வாரத்தில் எல்லா வகைச் சிகிச்சையையும் பார்த்துவிடலாம்.

கோர்ஸ் கட்டணத்தை அவர்கள் கட்டுவதாகச் சொன்னால், படிப்பு முடிந்து எவ்வளவு காலத்துக்குள் வேலையை விட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

நான் சென்னையில் பிடிஎஸ் முடித்து, பல் மருத்துவராக வேலையும் பார்த்தவள். கணவரின் வேலைக்காக ரெடிங் வந்திருக்கிறேன். என் பட்டத்தைக் காட்டி நேரடியாக டென்டல் நர்ஸாகப் பதிவு செய்யலாம் என்று தோழி சொன்னாள். உண்மையா?
– வாசகி, ரெடிங்

உங்கள் தோழி சொன்னது முன்பு உண்மை. வெளிநாட்டுப் பல் மருத்துவப் பட்டத்தை வைத்து டென்டல் நர்ஸ், ஹைஜீனிஸ்ட் (பற்களைச் சுத்தம் செய்பவர்), தெரபிஸ்ட் (சிறு பல் சிகிச்சைகள் செய்பவர்) என்று பதிவு பெற அப்போது வழி இருந்தது. 2023 மார்ச் 8 முதல் சட்டம் மாறிவிட்டது. டென்டல் நர்ஸாக வேண்டுமானால் டென்டல் நர்ஸ் தகுதியே வேண்டும். பிடிஎஸ் அதற்குப் பதிலாகாது. பழைய தகவல் இன்னும் பலர் வாயில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு "பதிவு வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள்.

முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, இந்த நாட்டில் மீண்டும் பல் மருத்துவராக வேண்டுமா என்பதை. வேண்டும் என்றால் உங்கள் பாதை ஓஆர்இ என்னும், வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்களுக்கான பதிவுத் தேர்வு. முதல் பகுதி எழுத்துத் தேர்வு, இரண்டாம் பகுதி செய்முறை. இங்கிலாந்து ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் நடத்தும் எல்டிஎஸ் தேர்வு இன்னொரு வழி. இரண்டிலும் இடம் கிடைப்பதே பெரும்பாடு. காத்திருக்கும் காலத்தில் பயிற்சி டென்டல் நர்ஸாகச் சேருவது நல்ல யோசனை. அதற்கும் ஏற்கப்பட்ட ஒரு கோர்ஸில் நீங்கள் சேர வேண்டும், ஆனால் அதில் பெரும்பகுதி உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும்.

நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியவை இங்கத்திய நடைமுறைகள். சென்னையில் நீங்கள் 16 என்று எழுதிய பல்லை இங்கே மருத்துவர் 'அப்பர் ரைட் சிக்ஸ்' என்று சொல்வார். பால்பற்களுக்கு எண் அல்ல, ஏ முதல் ஈ வரை எழுத்து. ஈறுகளைச் சோதிக்கும்போது அவர் வரிசையாக எண்களைச் சொல்லிக்கொண்டே போவார், நீங்கள் கணினியில் பதிய வேண்டும். என்எச்எஸ் சிகிச்சையின் கட்டண அடுக்குகள், ஒப்புதல் வாங்கும் முறை, கருவிகளைத் தூய்மைப்படுத்தும் விதி என்று எல்லாமே பின்னாளில் மருத்துவராகும்போதும் உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஒரு விஷயத்தில் மிகவும் கண்டிப்பாக இருங்கள். உங்கள் கைக்குத் தெரிந்த வேலையை இங்கே செய்துவிடாதீர்கள். "நீங்களும் டாக்டர்தானே, இந்தப் பல்லை மட்டும் கொஞ்சம் சுத்தம் செய்துவிடுங்கள்" என்று யாராவது அன்பாகக் கேட்கலாம். பதிவு இல்லாமல் பல் மருத்துவம் செய்வது 1984ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டப்படி குற்றம். நோயாளி உங்களிடம் தமிழில் "இந்தப் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டால்கூட, மருத்துவரிடமே கேட்கும்படி சொல்லுங்கள். பத்து விநாடியில் உங்களுக்கு விடை தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு வலிக்கும் என்பது எனக்குப் புரிகிறது. என்னோடு பணியாற்றிய பல் மருத்துவப் பட்டதாரிகளின் முகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் எதிர்காலப் பதிவைக் காப்பாற்றப்போவது அந்தப் பொறுமைதான்.

ஒரு கிளினிக்கில் ஒன்றரை ஆண்டாக 'பயிற்சி நர்ஸ்' என்ற பெயரில் வேலை செய்கிறேன். கோர்ஸில் எப்போது சேர்ப்பீர்கள் என்று கேட்டால், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறார்கள். அனுபவம் சேர்கிறதே என்று பேசாமல் இருக்கலாமா?
– வாசகி, லெஸ்டர்

இருக்கக் கூடாது, அம்மா. ஏற்கப்பட்ட ஒரு படிப்பில் சேர்ந்திருப்பவர் அல்லது தொடங்கும் தேதிக்குக் காத்திருப்பவர்தான் பயிற்சியாளர். அனுபவத்தை மட்டும் காட்டிப் பதிவு வாங்கும் வழி 2008 ஜூலையோடு மூடிவிட்டது. இந்த ஒன்றரை ஆண்டில் நீங்கள் எத்தனை நோயாளிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாலும், கோர்ஸ் இல்லாததால் பதிவுக்கு அது கணக்கில் வராது.

நீங்களே ஒரு கோர்ஸைத் தேர்ந்து, தொடங்கும் தேதியையும் கட்டணத்தையும் எழுதி, மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சாக விடாதீர்கள். கோர்ஸில் சேராத ஒருவரை நாற்காலி பக்கம் நிறுத்துவது அங்குள்ள மருத்துவரின் சொந்தப் பதிவுக்கே ஆபத்து என்பது அவர்களுக்குத் தெரியும். அப்போதும் இழுத்தடித்தால் வேறு கிளினிக் தேடுங்கள். நர்ஸ் கிடைக்காமல் திண்டாடும் கிளினிக்குகள் நிறைய இருக்கின்றன, ஒன்றரை ஆண்டு கைப்பழக்கம் உள்ளவரை அவை விரும்பியே எடுக்கும். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் கோர்ஸ் தேதியை எழுத்தில் தருகிற இடத்துக்கே போங்கள்.

என் மகளுக்கு 18 வயது. பல்கலைக்கழகம் வேண்டாம், டென்டல் நர்ஸ் அப்ரென்டிஸ்ஷிப் போகிறேன் என்கிறாள். நம் ஆட்கள் "பல் மருத்துவருக்கு எடுபிடி வேலை" என்கிறார்கள். அவளைத் தடுக்கவா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

தடுக்காதீர்கள், ஐயா. அந்தச் சொல் என்னைக் கோபப்படுத்துகிறது. அழுக்கான கருவிகள் ஒரு பக்கம் உள்ளே வந்து, கழுவி, பூதக்கண்ணாடியில் பார்த்து, 134 பாகை வெப்பத்தில் குறைந்தது 3 நிமிடம் நீராவியில் வைத்து, மறுபக்கம் சுத்தமாக வெளியே போகிற வரை உங்கள் மகள் பொறுப்பு. அதில் அவள் அசந்தால் ஒருவரின் நோய்க்கிருமி இன்னொருவரின் வாய்க்குப் போகும். நோயாளி மயங்கி விழுந்தால் ஆக்சிஜனை எடுத்து வருவதும் பெரும்பாலும் அவள்தான்.

18 வயதில் அப்ரென்டிஸ்ஷிப் நல்ல தேர்வு. சம்பளம் குறைவு, ஆனால் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள், கடன் இல்லை. ஒன்றரை ஆண்டளவில் பதிவு வாங்கிவிடலாம். பிறகு எக்ஸ்ரே எடுப்பது, மயக்க மருந்துச் சிகிச்சைக்கு உதவுவது, வாய்ச் சுகாதாரக் கல்வி என்று கூடுதல் சான்றிதழ்கள் உண்டு. என்எச்எஸ் மருத்துவமனைகளில் தகுதி பெற்ற டென்டல் நர்ஸுக்குப் பொதுவாக என்எச்எஸ் ஊதிய அடுக்குகளில் பேண்ட் 4 என்னும் அடுக்கின் ஊதியம். ஹைஜீனிஸ்ட், தெரபிஸ்ட் படிப்புகளுக்கும் பதிவு பெற்ற நர்ஸாக விண்ணப்பிக்கலாம். அதற்கு அவளுடைய ஏ லெவல் மதிப்பெண்கள் உதவும், எனவே பாதியில் விட்டிருந்தால் முடிக்கச் சொல்லுங்கள். பதிவு பெற்ற பிறகும் ஐந்து ஆண்டுக்கு 50 மணி நேரம் தொடர்கல்வி கட்டாயம். படிப்பு அவளை விட்டுவிடாது.

செய்முறைத் தேர்வு என்றாலே பயமாக இருக்கிறது. என் ஆங்கிலம் சரளமாக இராது.
– வாசகி, குரொய்டன்

தேர்வில் மேசை மேசையாக நகர்ந்துகொண்டே போக வேண்டும். ஒன்றில் கை கழுவிக் காட்ட வேண்டும், ஒன்றில் பற்களின் நிலையைக் குறிக்க வேண்டும், ஒன்றில் நோயாளியாக நடிப்பவரிடம் பேச வேண்டும். இந்தக் கடைசியில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். அங்கே அலங்கார ஆங்கிலத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பெயரைச் சொல்லி, அவர் யாரென்று உறுதிசெய்து, கண்ணைப் பார்த்து, சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லுங்கள். பல் பிடுங்கியவரிடம், இன்று முழுவதும் வாய் கொப்பளிக்க வேண்டாம், புகைக்க வேண்டாம், இரத்தம் வந்தால் துணியை மடித்து அழுத்திக் கடித்துக்கொள்ளுங்கள், நிற்காவிட்டால் இந்த எண்ணில் அழையுங்கள் என்று சொல்லி, "புரிந்ததா, ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று முடிக்க வேண்டும். இதை வீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். கிளினிக்கிலும் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் இந்த வேலையை நீங்களே கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

இங்கிலாந்தில் படித்துப் பதிவு வாங்கினால் ஸ்காட்லாந்தில் செல்லுமா?
– வாசகி, கிளாஸ்கோ

செல்லும். ஜிடிசி பதிவு ஐக்கிய இராச்சியம் முழுவதுக்கும் ஒன்றுதான். ஸ்காட்லாந்திலேயே படிப்பதென்றால் அங்கே எஸ்விக்யூ என்ற தகுதி உண்டு. அப்ரென்டிஸ்ஷிப் விதிகளும் அங்கே வேறு.

வேலைக்குச் சேரும் முன் ஊசி போட வேண்டுமாமே? வளையல், தாலி அணியலாமா?
– வாசகி, மில்டன் கீன்ஸ்

ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி. வழக்கமாக மூன்று தவணை, பிறகு உடலில் எதிர்ப்பு வந்திருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை. சாதாரண அட்டவணையில் முடிக்க ஆறு மாதமாகும் என்பதால், வேலை தேடத் தொடங்கும்போதே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ஊரில் சிறுவயதில் போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள்.

முழங்கைக்குக் கீழே வளையல், கடிகாரம், கல் வைத்த மோதிரம் எதுவும் கூடாது. வேலைப்பாடு இல்லாத திருமண மோதிரத்தைப் பொதுவாக அனுமதிப்பார்கள். நகம் குட்டையாக, சாயம் இல்லாமல் இருக்க வேண்டும். தாலியைச் சீருடைக்குள் வைத்துக்கொள்ளும் பெண்கள் பலரோடு வேலை செய்திருக்கிறேன். சேரும் முன்பே மேலாளரிடம் கேட்டுவிடுங்கள்.