எந்த நாட்டுப் போர் விமானி கெட்டிக்காரர்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எரிக் ஹார்ட்மன் 352 விமானங்களை வீழ்த்தியதாகப் படித்தேன். அமெரிக்காவின் முதலிடக்காரரான ரிச்சர்ட் பாங் வீழ்த்தியவை 40 மட்டுமே. அப்படியானால் ஜெர்மானிய விமானிகள் அவ்வளவு மடங்கு திறமைசாலிகளா?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: அந்த 352-க்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணையும் வைத்துப் பாருங்கள். ஹார்ட்மன் போர்க்களத்தின் மீது பறந்த தடவைகள் 1,404. சோவியத் ஒன்றியத்தின் இவான் கொஷெதுப் 330 தடவை பறந்து 62 விமானங்களை வீழ்த்தினார். பாங் இருநூறு தடவைக்குச் சற்று அதிகமாகப் பறந்து 40-ஐ எட்டினார். வகுத்துப் பார்த்தால் ஹார்ட்மனுக்கு நான்கு பறத்தலுக்கு ஒன்று, மற்ற இருவருக்கும் ஐந்து பறத்தலுக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. மலைக்கும் மடுவுக்கும் உள்ளதாகத் தோன்றிய இடைவெளி இதில் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

பறந்த தடவைகளில் இவ்வளவு வேறுபாடு வந்ததற்குக் காரணம் நிர்வாகம். ஜெர்மானிய விமானிக்கு முறை முடிந்து ஊர் திரும்புதல் என்ற ஏற்பாடே இல்லை. சாகும்வரையிலோ, முடமாகும்வரையிலோ, போர் முடியும்வரையிலோ அவர் பறந்தாக வேண்டும். அமெரிக்கர்களோ அனுபவம் பெற்றவரைத் திருப்பி அழைத்துப் புதியவர்களுக்குக் கற்பிக்க வைத்தார்கள். பாங்கும் 40-ஐத் தொட்டதும் தாயகத்துக்கு அனுப்பப்பட்டார். (ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த அதே 1945 ஆகஸ்ட் 6 அன்று, புதிய ஜெட் விமானம் ஒன்றைச் சோதித்துப் பறக்கையில் அவர் இறந்தார்.) கொஷெதுப்பின் கதை இதற்கு நேர் தலைகீழானது: அவர் 1942 வரை பயிற்சி ஆசிரியராகவே இருத்தப்பட்டார்; 1943-ல்தான் போர்முனைக்குப் போக முடிந்தது.

எந்த ஏற்பாடு நல்லது என்பதைப் போரின் பிற்பகுதி காட்டியது. ஜெர்மனியைப் போலவே ஊர் திருப்பி அனுப்பும் முறை இல்லாத ஜப்பானியக் கடற்படையின் விமானிகள் 1941-ல் உலகின் மிகச் சிறந்தவர்களுள் இருந்தார்கள். பசிபிக் பெருங்கடலின் மிட்வேயிலும் சாலமன் தீவுகளிலும் அவர்களில் பலர் மடிந்தபோது, அந்த இடத்தை நிரப்ப ஆளும் இல்லை, ஆளைத் தயாரிக்க எரிபொருளும் இல்லை. 1944 ஜூன் 19 அன்று மரியானா தீவுகளுக்கு அருகே நடந்த சண்டையில் ஜப்பான் ஏறத்தாழ முந்நூறு விமானங்களை இழந்தது. அமெரிக்காவின் இழப்பு முப்பதை ஒட்டியே இருந்தது. இடையில் ஓடியது மூன்றாண்டுகூட இல்லை.

கேள்வி: போரில் அடிபட்டுத் தேறியவருக்கு முன் பயிற்சி மட்டும் பெற்றவர் நிற்க முடியுமா? அடிக்கடி போரிடும் நாட்டு விமானிகள்தானே இயல்பாகவே மேலானவர்கள்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், சென்னை)

பதில்: அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள், அமெரிக்கர்கள் உட்பட. வியட்நாம் அந்த நினைப்பைக் கலைத்தது. 1965-க்கும் 1968-க்கும் இடையே வட வியட்நாமின் மீது நடந்த வான்சண்டைகளில், தாங்கள் ஒரு விமானத்தை இழந்தால் எதிரியின் இரண்டு, மூன்றை மட்டுமே வீழ்த்த முடிந்ததைக் கண்டு அமெரிக்கக் கடற்படை திகைத்தது. ராடாரும் ஏவுகணையும் வந்தபின் நெருங்கிச் சண்டையிடும் காலம் மலையேறிவிட்டது என்று முடிவுகட்டி, ஃபேண்டம் விமானங்களைப் பீரங்கி இல்லாமலே வடிவமைத்து, விமானிகளுக்கு அந்தச் சண்டை முறையைக் கற்பிப்பதையும் ஏறக்குறைய கைவிட்டிருந்தார்கள். எதிரே வந்த மிக் விமானங்களோ சிறியவை, சட்டென்று திரும்பக்கூடியவை. ஏவுகணைகளும் சொன்னபடி வேலை செய்யவில்லை.

கேப்டன் ஃபிராங்க் ஆல்ட் என்ற கடற்படை அதிகாரி இதை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1969-ல் கலிபோர்னியாவின் மிராமர் தளத்தில், பின்னாளில் ‘டாப் கன்’ என்று பெயர்பெற்ற பள்ளி தொடங்கியது. அங்கே செய்தது சிக்கலான காரியமே அல்ல. மிக் விமானத்தைப் போலப் பறக்கக்கூடிய வேறு வகைச் சிறு விமானங்களில் ஆசிரியர்கள் எதிரியாக வந்து மாணவர்களை மடக்கினார்கள். தரையிறங்கியபின் ஒவ்வொரு திருப்பத்தையும் கரும்பலகையில் வரைந்து, எங்கே தவறினாய் என்று தாட்சண்யமின்றிச் சொன்னார்கள். தேர்ச்சி பெற்றவர் தம் விமானப் பிரிவான ஸ்குவாட்ரனுக்குத் திரும்பி மற்றவர்களுக்குக் கற்பித்தார். 1972-ல் வான்சண்டை மறுபடி சூடுபிடித்தபோது, கடற்படையின் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவுக்கு உயர்ந்தது. அவ்வாண்டு மே 10 அன்று மட்டும் அவர்கள் எட்டு மிக் விமானங்களை வீழ்த்தினார்கள்.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது இன்னொன்று. அமெரிக்க விமானப்படையும் அதே ஃபேண்டத்தில், அதே வானத்தில், அதே எதிரியுடன்தான் மோதியது. அத்தகைய பள்ளி எதையும் புதிதாகத் தொடங்காத அந்தப் படையின் கணக்கு பழைய இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. நாடு ஒன்று, விமானம் ஒன்று, போர் ஒன்று, விளைவு மட்டும் வேறு! முதல் பத்துப் போர்ப் பறத்தல்களைத் தாண்டியவர் பிழைத்துக்கொள்கிறார் என்பதை விமானப்படை பிறகு உணர்ந்து, அந்தப் பத்தையும் உள்நாட்டிலேயே ஒத்திகையாக நடத்திவிட 1975-ல் நெவாடாவின் நெல்லிஸ் தளத்தில் ‘ரெட் ஃபிளாக்’ பயிற்சியைத் தொடங்கியது.

1982-ல் ஃபாக்லாந்து தீவுகளுக்காக நடந்த போரும் உங்கள் கேள்விக்குப் பொருந்தும். பிரிட்டனின் சீ ஹாரியர் விமானிகளில் பெரும்பாலோர் அதற்குமுன் போரைப் பார்த்தவர்கள் அல்லர். ஆயினும் வான்சண்டையில் ஒரு விமானத்தையும் இழக்காமல் இருபது விமானங்களை வீழ்த்தினார்கள். பயிற்சியோடு, முகத்துக்கு நேரே வரும் விமானத்தையும் தாக்கவல்ல புதிய சைடுவைண்டர் ஏவுகணையும் அவர்களிடம் இருந்தது. அர்ஜென்டினியரோ நெடுந்தொலைவு பறந்து வந்ததால் தீவுகளின் மேல் சில நிமிடங்கள் நிற்பதற்கே எரிபொருள் மிஞ்சியது. அந்த அர்ஜென்டினிய விமானிகளைத் திறமையற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கப்பல்களின் பாய்மரக் கம்பத்தை உரசும் உயரத்தில் வந்து அவர்கள் குண்டு போட்டார்கள். அவ்வளவு தாழ்வாக வந்ததாலேயே, விழும் நேரம் போதாமல் பல குண்டுகள் வெடிக்காமல் போயின. வீழ்த்திய விமானங்களை மட்டும் எண்ணும் பட்டியலில் இவர்களுக்கு இடமில்லை.

கேள்வி: நேரடியாகக் கேட்கிறேன். இந்திய விமானி, பாகிஸ்தான் விமானி, யார் மேல்?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நேரடியாகவே சொல்கிறேன்: இரு படைகளும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பிரிவினைக்கு முந்தைய விமானப்படையிலிருந்து பிரிந்தவை. பிரிட்டிஷ் முறையில் பழகியவை. தனி விமானிகளின் தரத்தில் பெரிய இடைவெளி இருந்ததாக 1965-ம் 1971-ம் காட்டவில்லை. இரு தரப்பும் சொல்லும் எண்ணிக்கைகள்தாம் ஒன்றுக்கொன்று ஒட்டுவதே இல்லை.

எண்ணிக்கை எவ்வளவு நம்பத் தகாதது என்பதற்கு நம் விமானப்படையின் ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யாவின் கதை போதும். 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா தளத்தின் மீதான தாக்குதலுக்குச் சென்ற அவர் திரும்பவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பதும் இங்கே தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, பாகிஸ்தான் தரப்புத் தகவல்களைக் கொண்டு வெளிநாட்டவர் ஒருவர் எழுதிய நூலிலிருந்துதான், மெதுவான மிஸ்டேர் விமானத்தில் இருந்த அவர், ஒலியைப் போல் இரு மடங்கு வேகம் கொண்ட ஸ்டார்ஃபைட்டர் ஒன்றை வீழ்த்திவிட்டே மடிந்தார் என்பது தெரியவந்தது. 1988-ல், அதாவது 23 ஆண்டுகளுக்குப் பிறகு, மகாவீர் சக்ரா அளிக்கப்பட்டது. எதிரியின் வாயிலாகத்தான் நம் வீரரின் செயல் நமக்குத் தெரிந்தது.

1971 நவம்பர் 22 அன்று மேற்கு வங்க எல்லையிலுள்ள போய்ராவில் ‘நாட்’ (Gnat) என்ற நம் சிறு போர் விமானங்களிடம் தோற்றுச் சிறைப்பட்ட பாகிஸ்தான் விமானிகளில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி, பின்னாளில் அந்நாட்டு விமானப்படைக்கே தலைமைத் தளபதியானார். ஒரு சண்டையில் வீழ்வது திறமையின்மைக்குச் சான்றாகாது. 2019 பிப்ரவரி 27 அன்று, தமிழகத்தைப் பூர்விகமாகக் கொண்ட அபிநந்தன் வர்த்தமான் ஓட்டிய மிக்-21 வீழ்ந்தது. அதற்குமுன் அவர் ஓர் எஃப்-16-ஐ வீழ்த்தினார் என்கிறது இந்தியா, பாகிஸ்தான் மறுக்கிறது. இதைக் கொண்டு ஒரு நாட்டு விமானிகளையே எடைபோட நான் தயாரில்லை.

இன்னொருவரைச் சொல்ல வேண்டும்: சைஃபுல் ஆசம். வங்காளி, 1965-ல் பாகிஸ்தான் விமானியாக நம் நாட் ஒன்றை வீழ்த்தியவர். 1967-ல் ஜோர்டானுக்காகவும் ஈராக்குக்காகவும் பறந்து இஸ்ரேலிய விமானங்களை வீழ்த்தினார். பின்னர் வங்கதேச விமானப்படையில் சேர்ந்தார். அவருடைய திறமையை எந்த நாட்டின் கணக்கில் எழுதுவது?

கேள்வி: 2004-ல் குவாலியரில் நடந்த கூட்டுப் பயிற்சியில் அமெரிக்க எஃப்-15 விமானங்களை நம்மவர்கள் தோற்கடித்தார்களாமே?
(வாசகர், சேலம்)

பதில்: நம்மவர்களின் ஆட்டம் அமெரிக்கர்களை வியக்க வைத்தது உண்மை. ஆனால் அமெரிக்கர்கள் எண்ணிக்கையில் குறைவாகப் பறந்தார்கள். அவர்களுடைய நெடுந்தூர ஏவுகணையை முழுத் திறனோடு கணக்கில் கொள்ளாத விதிகளை ஏற்றிருந்தார்கள். கூட்டுப் பயிற்சி என்பது கற்றுக்கொள்ள நடப்பது; கோப்பைப் போட்டி அல்ல.

கேள்வி: பின் எதை வைத்துத்தான் ஒப்பிடுவது?
(இல்லத்தரசி, தஞ்சாவூர்)

பதில்: முதலில் பறக்கும் நேரம். நேட்டோ நாடுகள் ஒரு போர் விமானிக்கு ஆண்டுக்கு 180 மணி நேரத்தை இலக்காகக் கொண்டிருக்கின்றன. சோவியத் ஒன்றியம் உடைந்தபின் ரஷ்ய விமானிகளுக்கு எரிபொருள் தட்டுப்பாட்டால் அதில் சிறு பங்கே கிடைத்த ஆண்டுகள் இருந்தன. விமானம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை ஓட்டாதவருக்கு என்ன பயன்? அடுத்தது, ஆசிரியரின் தரம். நம் தாம்பரத்தில் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி இருக்கிறது. பறக்கக் கற்பிப்பவர்களுக்குக் கற்பிக்கும் இடம் அது. நட்பு நாடுகளின் அதிகாரிகளும் அங்கே வந்து பயில்கிறார்கள். மூன்றாவது, தரையிறங்கியபின் நடக்கும் ஆய்வு. அந்த அறையில் இளைய அதிகாரி, ‘ஐயா, அந்த இடத்தில் நீங்கள் பின்னால் பார்க்கவில்லை’ என்று தம் கமாண்டரிடம் சொல்ல முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.