பெட்டை நாயின் மடியில் கட்டிகள்: எருக்கம்பால் வைக்கலாமா?

கேள்வி: தோட்டக் காவலுக்கு வளர்க்கும் எங்கள் பெட்டை நாய்க்கு எட்டு வயது. மூன்று ஈத்து குட்டி போட்டிருக்கிறது. பின்காம்புகளுக்குப் பக்கத்தில் தோலுக்கடியில் மூன்று கட்டிகள் தட்டுப்படுகின்றன. இரண்டு புளியங்கொட்டை அளவு, ஒன்று சின்ன எலுமிச்சை அளவு. நன்றாகத் தின்கிறது, தொட்டாலும் வலி இல்லை. எருக்கம்பால் வைத்தால் கரையும் என்கிறார்கள். வைக்கலாமா ஐயா?

பதில்: வைக்க வேண்டாம். எருக்கம்பால் தோலை வேகவைத்துப் புண்ணாக்கும். அடியில் இருக்கும் கட்டி அப்படியே வளரும். நாய் அதை நக்கினால் வாயும் வெந்துபோகும். சுண்ணாம்பு, சூடு போடுவது, ஊசியால் குத்திப் பிதுக்குவது எதுவும் கூடாது.

வயதையும் கட்டி இருக்கும் இடத்தையும் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மடிக் கட்டியைத்தான். நாய்க்குப் பொதுவாக ஐந்து ஜோடிக் காம்புகள். பின்னால் உள்ள இரண்டு ஜோடிகளில் மடித் திசு அதிகம் என்பதால் கட்டியும் அங்கேதான் அதிகம் வரும். இவற்றில் ஏறக்குறைய பாதி புற்றாக இருக்கும். வலி இல்லை, தீனி எடுக்கிறது என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். புற்றுக்கட்டிகூடத் தொடக்கத்தில் வலிக்காது.

அளவு மிக முக்கியம். 3 செ.மீ.க்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மி.மீ. கட்டியின் பக்கத்தில் அதை வைத்துப் படம் எடுத்து, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் எலுமிச்சை அளவுக் கட்டி அந்த எல்லையில் நிற்கிறது, அதனால் இந்த வாரமே கிளம்புங்கள். போவதற்கு முன் நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, முன்னங்கால் அக்குளிலிருந்து தொடை இடுக்கு வரை ஒவ்வொரு காம்பைச் சுற்றியும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கட்டி தோலோடு நகர்கிறதா, அடியில் ஒட்டிப் பிடித்திருக்கிறதா, அக்குளிலோ இடுக்கிலோ நெறி கட்டியிருக்கிறதா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கடைசியாகப் பருவத்துக்கு வந்த மாதத்தையும் சொல்லுங்கள். பருவம் முடிந்து ஆறு, எட்டு வாரத்தில் பொய்ச்சினையால் மடி வீங்கிப் பால் சுரப்பதும் உண்டு. குட்டி பிடிக்காமலிருக்க ஹார்மோன் ஊசி போட்டிருந்தால் அதை மறைக்க வேண்டாம். அந்த ஊசியே மடிக் கட்டிக்கு வழிவிடும்.

மடி முழுதும் சிவந்து, சூடாகி, கல்லுப்போல் இறுகி, தொட்டாலே நாய் துடித்தால் அது வேறு வகைப் புற்றாக இருக்கலாம். அதற்குக் கத்தி வைப்பது பெரும்பாலும் பலன் தராது. அப்படி இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

மருத்துவர் மார்பை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் வீண் செலவென்று நினைக்காதீர்கள். இந்தப் புற்று முதலில் பரவும் இடங்களில் நுரையீரல் முக்கியமானது. அங்கே பரவியிருந்தால் மடியை அறுத்துப் பயன் குறைவு. நுரையீரல் தெளிவாக இருந்தால், ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு அறுவை சிகிச்சை செய்யலாம். எடுத்த மூன்று கட்டிகளையும் தனித்தனிப் புட்டியில், கட்டியைப்போல் பத்து மடங்கு 10 சதவீத ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போட்டுத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரே மடியில் ஒரு கட்டி சாதாரணமாகவும் அடுத்தது புற்றாகவும் இருக்கலாம். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் உங்களுக்குப் பக்கத்தில் உள்ளதற்குப் போகலாம்.

அதே மயக்கத்தில் கருப்பையையும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். வயதான பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து அதோடு போகும். தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாளாகும். அதுவரை கழுத்தில் கூம்புப் பட்டை கட்டி, புண்ணை நக்கவிடாமல், வரப்பிலும் சேற்றிலும் ஓடவிடாமல் வீட்டோடு வையுங்கள். வலிக்கு மனிதர்களுக்கான பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள், நாய்க்கு அவை நஞ்சாகலாம்.

இதன் பெட்டைக் குட்டி ஏதாவது உங்களிடம் இருந்தால், முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்துவிடுங்கள். அப்படிச் செய்த நாய்க்கு மடிக் கட்டி வருவது மிக அரிது. ஒவ்வொரு பருவம் கடக்கக் கடக்க இந்தப் பாதுகாப்பு குறைந்துகொண்டே போகும்.