கட்டிலுக்கு அடியில் நான்கு டின்

அன்புள்ள அக்கா,

டல்லாஸ் பக்கம் பதினாறு வருடமாக இருக்கிறேன். உங்கள் கட்டுரைகளை விடாமல் படிப்பவன். இதை உங்களிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். கிரீன் கார்டு வந்த பிறகு எனக்குத் துப்பாக்கி சுடும் பழக்கம் வந்தது. மாதம் இரண்டு ஞாயிறு ரேஞ்சுக்குப் போவேன், போகும்போதெல்லாம் நூறு தோட்டா. கட்டுப்படியாக வேண்டுமே என்று, சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து நானே திரும்ப நிரப்புகிறேன். ரீலோடிங் என்பார்கள். தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடிதான் ப்ரைமர். 2019இல் ஆயிரம் ப்ரைமர் முப்பது டாலருக்கு வாங்கினேன். நடுவில் நூறைத் தாண்டியது, இப்போது எண்பது. வெடிமருந்தும் அப்படித்தான், வந்த அன்றே கடையில் தீர்ந்துவிடுகிறது. கையில் ஏழாயிரம் ப்ரைமர் இருக்கிறது. இடத்தை அடைக்கிறது என்று அதில் ஆயிரத்தை ஊறுகாய் பாட்டிலில் கொட்டி வைத்திருக்கிறேன். இன்னும் ஐயாயிரம் இந்த விலைக்கே வாங்கிப் போடலாமா, பொறுக்கலாமா? வீட்டில் திட்டு விழுகிறது. போன மாதம் ரேஞ்சுக்குப் புதிதாக வரும் ஒரு பையன் நூறு ப்ரைமர் கடன் கேட்டான், என்னிடமே இல்லை என்று சொல்லிவிட்டேன், நிலைமை அப்படி. அரசாங்கமும் கம்பெனிகளும் சேர்ந்து உண்டாக்கும் செயற்கைத் தட்டுப்பாடு இது என்று இங்கே பலரும் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அப்புறம், ப்ரைமருக்குத் தமிழில் நல்ல சொல் உண்டா?

கே.

*

அன்புள்ள தம்பி,

இதைப் போய் இந்த அம்மாவிடம் கேட்டோமே என்று அனுப்பிய பிறகு கூச்சப்பட்டிருப்பீர்கள். வேண்டாம். நான் பிறந்தது அருவங்காட்டில். மலை ரயிலில் குன்னூரைத் தாண்டினால் வெலிங்டன், அடுத்த ஸ்டேஷன் எங்கள் ஊர். அங்கே வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கும் கார்டைட் ஃபேக்டரியில் அப்பா முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தார். கார்டைட் என்பது புகையில்லாத வெடிமருந்து, நீங்கள் டப்பாவில் வாங்கும் பவுடருக்குப் பெரியப்பா முறை. போன மாதம்தான் அம்மாவைக் கோவைக்கு என்னோடு அழைத்து வந்தேன். வீட்டைக் காலி செய்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பொருள் வெளியே வந்தது, அதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். ப்ரைமருக்குத் தமிழ்ச் சொல்லைத் தேடி அலைய வேண்டாம், கேப்பு என்றால் போதும். தீபாவளிக்குச் சிவப்புச் சுருளாக வாங்கி பொம்மைத் துப்பாக்கியில் போட்டோமே, அதே கேப்பு. மிளகு அளவுதான் இருக்கும், அதைத் தட்டினால்தான் மருந்து பற்றும். துப்பாக்கி வைத்திருப்பது சரியா தப்பா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லப் போவதில்லை. செயற்கைத் தட்டுப்பாடு என்கிற பேச்சை இந்த வயதுக்கு நிறையக் கேட்டாகிவிட்டது. சீனி, சீமெண்ணெய், சிமெண்ட், எதற்குத்தான் சொல்லவில்லை. கம்பெனிக்காரர்கள் தர்மவான்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் நாட்டில் ப்ரைமர் செய்யும் நான்கு பெரிய பெயர்களில் ஃபெடரல், சிசிஐ, ரெமிங்டன் மூன்றும் ஒரே முதலாளி கையில் இருந்து, 2024 நவம்பரில் மொத்தமாக ஒரு செக் நாட்டுக் குழுமத்துக்குப் போயின. நான்கில் மூன்றை ஒருவன் வைத்திருந்தால் விலை எப்படி இருக்கும் என்பதற்குச் சதி எல்லாம் தேவையில்லை.

மருந்து விஷயத்தில் நிஜமாகவே நெருக்கடி இருக்கிறது. அப்பாவிடம் என்ன வேலை என்று யாராவது கேட்டால் "பஞ்சு வேலை" என்பார், நானும் பள்ளிக்கூடத்தில் அப்படியே சொல்லி, மில் தொழிலாளி மகள் என்று பெயர் வாங்கியிருந்தேன். பொய் இல்லை. ஜின்னிங் மில்லில் பஞ்சைப் பிரித்த பிறகும் பருத்திக் கொட்டையில் குட்டை ரோமம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை லிண்டர் என்பார்கள். அதை அமிலத்தில் பக்குவப்படுத்தினால் வருவதுதான் புகையில்லா மருந்துக்கு எல்லாம் மூலம். 1846இல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்ததிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை. முதல் உலகப்போரில், 1915இல், ஜெர்மனிக்குப் பருத்தி போகக் கூடாது என்று பிரிட்டன் கடலை மறித்தது, அவர்கள் மரக்கூழுக்கு மாற வேண்டியதாயிற்று. இன்று ஐரோப்பா இந்த லிண்டருக்குப் பெருமளவு சீனாவை நம்பியிருக்கிறது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து எல்லா நாட்டுக்கும் பீரங்கி மருந்து வேண்டும். ஒரு 155 மி.மீ. குண்டைத் தொலைதூரத்துக்கு அனுப்பப் பத்துக் கிலோவுக்கு மேல் மருந்து ஆகும். அந்த எடையில் உங்கள் கைத்துப்பாக்கிக்கு முப்பதாயிரம் தோட்டா நிரப்பலாம், உங்கள் கணக்குப்படி பன்னிரண்டு வருட ஞாயிற்றுக்கிழமை. அங்கே ஒரே ஒரு வெடி. அதனால் பவுடர் விலை ஏறியதற்கு உங்களோடு சேர்ந்து வருத்தப்படுகிறேன், அதற்கு மேல் என்னால் ஆவதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் குத்தியது விலை இல்லை. ஒரு பையன் நூறு கேட்டான், இல்லை என்று சொல்லிவிட்டேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அது. அதற்குச் சில வரி முன்னால்தான் ஏழாயிரம் இருக்கிறது என்கிறீர்கள். மாதம் இருநூறு சுடுகிற ஆளுக்கு ஏழாயிரம் என்றால் கிட்டத்தட்ட மூன்று வருடம். மூன்று வருடத்துக்கு வைத்துக்கொண்டு "என்னிடமே இல்லை" என்று சொல்ல எப்படித் தம்பி வாய் வந்தது? அதையும் எனக்கே எழுதி, "நிலைமை அப்படி" என்று முடிக்கிறீர்கள். நிலைமை அங்கே எங்கும் நிற்கவில்லை, உங்கள் அலமாரியில் இருக்கிறது.

நீங்களே பின்னால் திரும்பிப் பாருங்கள். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் அத்தனை சின்னக் குழந்தைகளை ஒருவன் சுட்டுக் கொன்றான். அதைக் கேட்டு உங்கள் ஊர்க்காரர்களில் லட்சக்கணக்கானோர் முதலில் செய்தது, இனி சட்டம் போட்டுவிடுவார்கள் என்று கடைக்கு ஓடியது. மத்தியில் சட்டமும் வரவில்லை ஒன்றும் வரவில்லை. ஆனால் கடலைமிட்டாய் மாதிரி மலிவாகக் கிடந்த பாயிண்ட் ட்வென்டி டூ என்கிற சின்னத் தோட்டா வருடக்கணக்கில் கடையில் தரிக்கவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைதான் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறது என்று ஒரு வதந்தி. அரசுத் தணிக்கைக்காரர்கள் கணக்கெடுத்து, அந்தத் துறை வாங்குவது முன்பைவிடக் குறைந்திருக்கிறது என்று 2014இல் எழுதிக் கொடுத்தார்கள். அப்படியானால் யார் வாங்கியது? மறுபடி 2020. கொரோனா, கலவரம், தேர்தல் எல்லாம் சேர்ந்து, துப்பாக்கிக்கான பின்னணிச் சோதனை ஒரே வருடத்தில் நான்கு கோடியை நெருங்கியது. முந்தைய வருடம் இரண்டே முக்கால் கோடி சொச்சம். போதாதென்று அதே வருடம் ரெமிங்டன் திவாலாகி நின்றது. புதிதாகத் துப்பாக்கி வாங்கியவன் ஒரு பெட்டி தோட்டா வாங்கினான், அது நியாயம். பழைய ஆள், முன்பு ஆயிரம் வாங்கியவன், பயந்துபோய் பத்தாயிரம் வாங்கினான். ஆலை ராப்பகலாக ஓடினாலும் எப்படி ஈடுகொடுக்கும்? வாங்கியதை அவன் சுட்டானா என்றால் அதுவும் இல்லை. இந்த விலையில் வாங்கியதைச் சுட மனசு வராமல் பூட்டி வைத்திருப்பான். நீங்கள் முன்பு எவ்வளவு சுட்டீர்கள், இப்போது எவ்வளவு சுடுகிறீர்கள்? குறைந்துதான் இருக்கும், எழுதுங்கள்.

உங்களை மட்டும் திட்டுவதாக நினைக்க வேண்டாம். கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது என்றேனே, அது ஒரு சீமெண்ணெய் டின். சதுர டின், மேலே மரக்கட்டையை மூடியாகச் செருகியிருக்கும்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. இனி சீமெண்ணெய் வராது என்று ஊரில் பேச்சு. எங்கள் வீட்டில் அப்போது கேஸ் கிடையாது, ஸ்டவ்தான். மழைக்காலத்தில் விறகு பற்றாது, துணி காயாது, வெந்நீர் இல்லாமல் கையைக் காலை நீட்ட முடியாது, அது நீலகிரி. அம்மா யார் யாரிடமோ ரேஷன் கார்டு கேட்டு வாங்கி, கூடுதல் காசு கொடுத்து, நான்கு டின் சேர்த்துவிட்டாள். இரண்டில் கசிவு இருந்தது போல. வீடு முழுக்க வாடை, சோற்றில் வாடை, என் ஸ்கூல் ஸ்வெட்டரில் வாடை.

எதிர் குவார்ட்டர்ஸில் ஒரு அக்கா இருந்தார், கைக்குழந்தைக்காரி. ஒரு சாயங்காலம் கழுத்தில் கயிறு கட்டிய பாட்டிலோடு வாசலில் நின்றார். "அரை பாட்டில் இருந்தாக் குடுங்கக்கா, பாப்பாவுக்குப் பால் காய்ச்சணும், ரேஷன்ல ஊத்துன உடனே திருப்பிக் குடுத்துடறேன்." அம்மா கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "எங்களுக்கே இல்ல கண்ணு, நேத்தே தீந்துடுச்சு" என்றாள். அந்த அக்கா உடனே போகவில்லை. மூச்சை ஒருமுறை இழுத்தார். அவ்வளவுதான். அந்த வாடை வாசல்வரை வந்துகொண்டிருந்தது. பிறகு "சரிங்கக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எனக்குப் பன்னிரண்டு வயது, அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அன்று ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்த அப்பாவுக்கு எப்படியோ கட்டிலுக்கு அடி கண்ணில் பட்டுவிட்டது. அவர் அம்மாவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "கேட்ல தீக்குச்சி இருக்கான்னு பாக்கெட்டத் தடவிப் பாத்துதான்டி என்னை உள்ள விடறான். இங்க பிள்ளைங்க தலைமாட்டுல நாலு டின்னா?" அம்மா மறுநாள் காலையில் ஒரு முழு பாட்டிலை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். கிடைத்துவிட்டது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பாட்டிலோடு திரும்பி வந்து சமையலறையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குடும்பம் மாற்றலாகிப் போகும்வரை எங்கள் வீட்டிலிருந்து தீபாவளிப் பலகாரம் முதலில் அங்கேதான் போனது, வாங்கிக்கொள்ளத்தான் செய்தார்கள். இந்த வருடம் அந்த டின்னைக் காயலான் கடைக்குப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். எண்பத்தொரு வயது, பாதி நேரம் என் பெயரே மறந்துவிடுகிறது, "அந்தப் பொண்ணு பால் காய்ச்சுனாளா?" என்று கேட்கிறாள்.

சரி, உங்கள் கேள்வி. வாங்கலாமா, பொறுக்கலாமா? விலை எங்கே போகும் என்று ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் இன்னும் ஐயாயிரம் வாங்கினால் பன்னிரண்டாயிரம் ஆகும். வீட்டில் ப்ரைமர் பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாது என்று உங்கள் ஊர் தீப்பாதுகாப்பு விதியிலேயே எழுதியிருக்கிறது, அதுவும் கம்பெனி கொடுத்த பெட்டியில் இருந்தால். அப்பா இருந்திருந்தால் அந்த ஊறுகாய் பாட்டிலைக் கேட்டு உங்களை அடித்தே இருப்பார். ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழியில் வைத்துத் தட்டு தட்டாக விற்பது அழகுக்கு என்று நினைத்தீர்களா? கண்ணாடி பாட்டிலில் ஒன்றாகக் கொட்டினால் ஒன்று பற்றியதும் மொத்தமும் பற்றும், கண்ணாடி சில்லாகப் பறக்கும். திட்டுகிறாள் என்கிறீர்களே, அந்தப் பெண்ணுக்கு என் நமஸ்காரம். பழைய தட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து, அவசரப்படாமல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்குங்கள். மீதி ஆறாயிரம் பெட்டியிலேயேதானே இருக்கிறது? அதில் ஒரு தட்டு, நூறு, அடுத்த ஞாயிறு ரேஞ்சுக்குப் போகும் பையில் வையுங்கள். அவன் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று அப்புறம் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா