பட்டர்டப்ஸில் இறங்கித் தள்ளியது ஏன்? – சைக்கிள் கேள்வி பதில்

கேள்வி: வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பகுதியில் ஹாஸ் ஊர்ப் பக்கமிருந்து பட்டர்டப்ஸ் கணவாய் ஏறினேன். சராசரிச் சாய்வு 6.8 சதவீதம் என்று பார்த்துவிட்டுத்தான் போனேன். ஆனாலும் நடுவழியில் இறங்கித் தள்ள வேண்டியதாகிவிட்டது. என் வண்டியின் பற்சக்கரங்களில் முன்னால் 50/34 பல், பின்னால் 11–28 பல். கால் பலம் போதவில்லையா?
– வாசகர், லெஸ்டர்

பதில்: காலைக் குறை சொல்லாதீர்கள். உங்களை ஏமாற்றியது அந்தச் சராசரி. 2014இல் டூர் டி ஃபிரான்ஸ் லீட்ஸில் தொடங்கியபோது முதல் நாள் பந்தயம் இந்த ஏற்றத்தைக் கடந்தது. 4.5 கி.மீ., சராசரி 6.8 சதவீதம் என்ற கணக்கு அப்போது குறிக்கப்பட்டதுதான். வழியில் சமதளமாக ஓடும் துண்டுகளும் அந்தச் சராசரிக்குள் அடக்கம். அவற்றைக் கழித்துவிட்டால் மிச்சமுள்ள இடங்கள் எவ்வளவு செங்குத்து என்பது விளங்கும்.

இது அந்தப் பாறையின் குணம். டேல்ஸின் மேல்பகுதிகளில் கெட்டியான சுண்ணாம்புக்கல், மிருதுவான களிப்பாறை, மணற்கல் என்று மாறி மாறி அடுக்கியிருக்கிறது. மிருதுவானது கரைந்து உள்வாங்க, கெட்டியானது துருத்தி நிற்க, மலைச்சரிவே படிக்கட்டாகிவிட்டது. போதாததற்குப் பனியாறுகள் பள்ளத்தாக்கின் பக்கங்களைச் செதுக்கிச் செங்குத்தாக்கிவிட்டுப் போயின. இங்குள்ள பழைய சாலைகள் பல கொண்டை ஊசி வளைவு போட்டுப் பொறியாளர் அமைத்தவை அல்ல. பொதிக்குதிரையும் வண்டியும் போன தடத்தின் மேலேயே தார் ஊற்றியிருக்கிறார்கள்.

இனி கியர். நீங்களும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, நீங்கள் விடாமல் தரக்கூடியது 200 வாட் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 4.4 கி.மீ.க்கு மேல் போகாது. அந்த வேகத்தில் 34/28 கியரில் (முன்னால் 34 பல், பின்னால் 28) பெடல் நிமிடத்துக்கு 28 தடவைதான் சுற்றும். அவ்வளவு மெதுவாக மிதித்தால் முழங்கால் நோகும், வண்டியும் தள்ளாடும். 34/34 என்றால் 34 சுற்று. முன்னால் 30, பின்னால் 36 என்றால் 41 சுற்று. இந்தக் கடைசிக் கணக்கில்தான் உட்கார்ந்தபடியே ஏற முடியும்.

செலவு குறைந்த வழி, பின்னால் 11–34 கேசட் (பின்சக்கரப் பற்சக்கரத் தொகுதி) போடுவது. அதற்கு முன், செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் பின்பக்க டீரெய்லர் எத்தனை பல் வரை தாங்கும் என்று பாருங்கள். குட்டைக் கேஜ் (செயினை இழுத்துப் பிடிக்கும் கை) உள்ளவை பெரும்பாலும் 28, 30 பல்லோடு நின்றுவிடும். செயினையும் புதிதாக அளந்து போடவேண்டும். பழைய நீளத்தையே விட்டுவைத்து, தவறிப்போய் முன்னால் 50உம் பின்னால் 34உம் சேர்ந்து விழுந்தால் செயின் விறைத்து, டீரெய்லர் மாட்டியிருக்கும் ஹேங்கர் முறிந்துவிடும். அதற்குப் பிறகு வீடு திரும்ப டாக்சிதான்.

அடுத்த முறை சராசரியை விட்டுவிட்டு பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் வரைபடத்தைப் பாருங்கள். இந்தப் பகுதிக்கு 1:50,000 லேண்ட்ரேஞ்சர் வரிசையில் 98ஆம் தாள். சாலைமேல் ஒற்றை அம்புக்குறி இருந்தால் 14 முதல் 20 சதவீதம், இரட்டை இருந்தால் 20க்கு மேல். அம்பு காட்டுவது இறக்கப் பக்கம் என்பதை மறந்தால் முழு வழியும் தலைகீழாகிவிடும்.

கேள்வி: லீட்ஸிலிருந்து ரயிலில் போய், ஒரே நாளில் சுற்றித் திரும்பும்படி ஒரு வழி சொல்லுங்கள். பெரிய சாலைகள் வேண்டாம்.
– வாசகி, குரோய்டன்

பதில்: செட்டில் என்ற ஊரில் இறங்குங்கள். லீட்ஸிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். சைக்கிளுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் இடம் குறைவு. நான்கைந்து பேராகப் போனால் ஒரே ரயிலில் ஏற முடியும் என்று நம்பவேண்டாம்.

அங்கிருந்து வடக்கே ஸ்டெயின்ஃபோர்த். வலப்பக்கம் திரும்பி மேலேறினால் 694 மீட்டர் உயரப் பெனிகெண்ட் மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு ஹால்டன் கில்லில் இறங்கலாம். இந்தச் சுற்றில் கண்ணுக்கு நிறைவான பகுதி இதுவே. பிறகு லிட்டன்டேல் பள்ளத்தாக்கு வழியே ஆர்ன்கிளிஃப் வரை மெல்லிய இறக்கம். அங்கே தண்ணீர், சாப்பாடு எல்லாம் முடித்துக்கொள்ளுங்கள். ஊரைத் தாண்டியதும் மால்ஹம் டார்ன் ஏரியை நோக்கிய ஏற்றம் தொடங்கும். நடுவில் டார்ன்புரூக் பண்ணையருகே ஒரு பள்ளம். ஏறிச் சேர்த்த உயரத்தை அங்கே இழந்து, மறுபடி முதலிலிருந்து ஏறவேண்டும். ஏரியைக் கடந்து மால்ஹம், கர்க்பி மால்ஹம், திரும்ப செட்டில். சுமார் 50 கி.மீ., மொத்த ஏற்றம் 800 முதல் 1000 மீட்டர். புதியவர்களுக்கு நிறுத்தங்களோடு ஐந்து மணி நேரம் வேண்டும்.

இரண்டு இடங்களில் கவனம். மால்ஹம் பக்கத்தில் சில செயலிகள் மாஸ்டைல்ஸ் லேன் என்ற தடத்தில் திருப்பிவிடும். கில்ன்சிக்குக் குறுக்கு வழியாகத் தெரியும். ஃபவுண்டன்ஸ் மடத்துத் துறவிகள் ஆட்டு மந்தை ஓட்டிய பழைய பாதை அது, தார் கிடையாது. ரோடு பைக்குக்கு ஆகாது. இன்னொன்று, செட்டிலில் முடியும் கடைசி இறக்கம். சுமார் 20 சதவீதச் சாய்வில் நேரே ஊர்ச் சந்துக்குள் கொண்டுபோய் விடும். களைத்துப்போன நேரத்தில் வருவதால் பலர் பிரேக்கைத் தாமதமாகத்தான் பிடிக்கிறார்கள். செங்குத்து தொடங்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். சக்கர விளிம்பைக் கவ்வும் ரிம் பிரேக் என்றால் மழையில் முதல் ஓரிரு சுற்று தண்ணீரை வழிப்பதற்கே போய்விடும். பிரேக் கட்டையில் பொடிக்கல்லோ அலுமினியத் துணுக்கோ குத்தியிருக்கிறதா என்று காலையிலேயே பார்த்து ஊசியால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆற்றோரமாகவே போகும் வழியில் ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை! வழியில் குடிநீர் எங்கே பிடிப்பது?
– வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: ஆறு வற்றவில்லை, கீழே ஓடுகிறது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தண்ணீர் இறங்கிவிடுவதால், மழை குறைந்த வாரங்களில் லிட்டன்டேலின் ஸ்கர்ஃபேர் ஆறு வெறும் கல்படுகையாகக் கிடக்கும். மால்ஹம் டார்னிலிருந்து வெளிவரும் ஓடையும் சற்றுத் தூரம் ஓடி மண்ணுக்குள் மறைந்துவிடுகிறது. அது மால்ஹம் கோவ் பாறையின் அடியில்தான் வெளிவரும் என்று எவரும் நினைப்பார்கள். உண்மையில் ஊருக்கும் கீழே இன்னோர் ஊற்றில் எழும்புகிறது.

ஊற்று நீர் தெளிவாக இருக்கிறதே என்று பிடித்துக் குடிக்கவேண்டாம். மணல் வழியே மெல்லக் கசிந்தால் நீர் வடிகட்டப்படும். இங்கே வெடிப்பு வழியே குழாயில் ஓடுவதுபோல் ஓடுகிறது. மேலே மேயும் ஆட்டின் கழிவும் கூடவே வரும். 750 மி.லி. பாட்டில் இரண்டு எடுத்துக்கொண்டு, ஊர் கண்ட இடத்திலெல்லாம் நிரப்புங்கள். விடுதிகளில் கேட்டால் கொடுப்பார்கள்.

கேள்வி: 25 மி.மீ. டயர் போதுமா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: வண்டியில் இடமிருந்தால் 28. எடை 75 கிலோ என்றால் முன்னால் 4.5 பார், பின்னால் 5 பார் காற்று. இதைவிடக் குறைத்தால் குழி விளிம்பில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டைத் துளை விழும். கோடையில் சாலைக்குத் தார் தெளித்துப் பொடிக்கல் தூவியிருப்பார்கள். அங்கே சைக்கிளைச் சாய்த்துத் திருப்பினால் விழுவது உறுதி.

கேள்வி: சாலையின் குறுக்கே இரும்புக் குழாய் பதித்த ‘கேட்டில் கிரிட்’ (cattle grid) தடுப்பில், மழையில் வழுக்கி விழுந்தேன். மெதுவாகத்தான் போனேன். எங்கே தவறு?
– வாசகி, ஹாரோ

பதில்: மெதுவாகப் போனதே காரணமாக இருக்கலாம். ஆடு மாடு தாண்டாமலிருக்கப் பள்ளம் தோண்டி அந்தக் குழாய்களைப் பதித்திருக்கிறார்கள். நனைந்துவிட்டால் அதன்மேல் டயருக்குப் பிடிப்பே இராது. சக்கரத்தை உருளவிடுவது மட்டுமே உங்கள் வேலை. பத்து மீட்டர் முன்பே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள். வண்டியை நிமிர்த்தி, குழாய்களுக்குச் செங்குத்தாக நேரே விடுங்கள். இரு பெடலும் சமமட்டத்தில் இருக்க, இருக்கையிலிருந்து லேசாக எழுந்து, மிதிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் கடக்கவேண்டும். மணிக்கு 15, 20 கி.மீ. வேகம் சரி. நின்றுவிடுவதுபோல் போனால் சமநிலைக்காகக் கை தானாகவே ஹேண்டிலை ஆட்டும், அந்த ஆட்டத்தில்தான் சக்கரம் விலகுகிறது. இரண்டு துண்டாகப் போட்ட கிரிட்டில் நடுவே நீளவாக்கில் ஓர் இடைவெளி இருக்கும், அதன்மேல் ஏற்றாதீர்கள். வளைவிலேயே கிரிட் வந்தால் வெட்கப்படாமல் இறங்கி, பக்கத்திலுள்ள கேட்டைத் திறந்து போங்கள். திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள்.

கேள்வி: மால்ஹம் கோவ் உச்சிக்குச் சைக்கிளிலேயே போகலாமா?
– வாசகர், பர்மிங்ஹம்

பதில்: முடியாது. சைக்கிளை ஊரிலேயே பூட்டிவிட்டு நடக்கவேண்டும். பாறை ஏறக்குறைய 80 மீட்டர் உயரம், பக்கவாட்டில் கல்படிகள் உண்டு. உச்சியில் சுண்ணாம்புக்கல் தளம் கத்தியால் கீறியதுபோல் பாளம் பாளமாகப் பிளந்திருக்கும். பல பேர் நடந்து நடந்து மேற்பரப்பு சோப்புக் கட்டிபோல் வழவழப்பாகிவிட்டது. க்ளீட் (பெடலில் மாட்டும் கொக்கி) பொருத்திய ஷூவோடு ஏறாதீர்கள். பையில் ஒரு ஜோடி லேசான கான்வாஸ் ஷூ வைத்துக்கொள்ளுங்கள்.